பதினாலு வருஷம் முடிந்தால் விடுதலையா? ஆயுள் கைதியின் கோப்பு போகும் பாதை

ஒரு சாமியாருக்கு மறுபடியும் பரோல் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. தண்டனைக் காலத்துக்கு முன்பே விடுதலை என்று இன்னொரு நாள். தலைவர் பிறந்தநாளை ஒட்டி நூற்றுக்கணக்கான கைதிகள் விடுதலை என்று வேறொரு நாள். எல்லாவற்றையும் ‘பரோல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் பழக்கம். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, முடிவெடுப்பவர் வேறு. அது புரியாமல் கோபப்பட்டாலும் சரி, வரவேற்றாலும் சரி, தவறான ஆளிடம் போய்தான் கேள்வி கேட்போம்.

முதலில் சொற்கள்

1. பரோல். பிரெஞ்சு மொழியில் இந்தச் சொல்லுக்கு ‘வாக்கு’ என்று பொருள். திரும்பி வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது. இந்தியாவில் இதன் பொருள் தற்காலிகமாக வெளியே வருவது மட்டுமே. வீட்டில் சாவு, மகள் கல்யாணம், தாய்க்கு உடம்பு சரியில்லை என்பது போல ஒரு குறிப்பிட்ட காரணம் வேண்டும். நாள் முடிந்ததும் சிறைக்குத் திரும்ப வேண்டும்.

2. பர்லோ. இதுவும் தற்காலிகம்தான். ஆனால் குறிப்பிட்ட காரணம் எதுவும் தேவையில்லை. நீண்ட காலம் உள்ளே இருப்பவருக்குக் குடும்பத்தோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க, குறிப்பிட்ட இடைவெளியில் தரப்படும் விடுப்பு இது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 2017இல் அஸ்பாக் வழக்கில் விரிவாக விளக்கியது. தமிழ்நாட்டு விதிகள் 1982இல் வந்தவை. அவற்றில் இந்த ஏற்பாட்டுக்கு ‘விடுப்பு’ என்றே பெயர். அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என அதில் இரண்டு வகை. பேச்சில் இரண்டையும் பரோல் என்றே சொல்கிறோம்.

3. தண்டனைக் கழிவு. சிறையில் எல்லோரும் ‘ரெமிஷன்’ என்பார்கள். ஒழுங்காக இருந்ததற்கும் வேலை செய்ததற்கும் மாதக் கணக்கில் சேரும் நாள்கள், தண்டனையில் கழிக்கப்படும்.

4. முன்விடுதலை. தண்டனையின் மீதிப் பகுதியை அரசு தள்ளுபடி செய்து, கைதியை நிரந்தரமாக வெளியே அனுப்புவது. நாம் பேசவேண்டியது இதைப் பற்றித்தான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘பரோல்’ என்றால் இந்த நான்காவது வகைக்கு நெருக்கமானது. நிபந்தனையோடு விடுவிப்பார்கள், மீதித் தண்டனைக் காலம் முழுவதும் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும், நிபந்தனையை மீறினால் மறுபடியும் சிறை. அதை முடிவு செய்வதற்கென்றே பரோல் வாரியம் என்ற தனி அமைப்பு உண்டு. நம் நாட்டில் அந்த வேலையைப் பல மேசைகள் பிரித்துச் செய்கின்றன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பதினாலு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம் என்பது ஊரெங்கும் பரவிய நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான் என்று 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை வருஷம் கழித்தாலும், அரசு தண்டனையைக் குறைத்தால் ஒழிய வெளியே வரும் உரிமை தானாகப் பிறந்துவிடாது. கழிவு நாள்களை எவ்வளவு சேர்த்து வைத்தாலும் ஆயுளிலிருந்து எதைக் கழிப்பது? எனவே ஆயுள் கைதியின் விடுதலைக்கு அரசின் உத்தரவு கட்டாயம்.

அப்படியானால் 14 என்ற எண்? அது 1978இல் வந்தது. அதற்கு முன்பு சில மாநிலங்களில் கொலைக் குற்றவாளிகள் ஐந்தாறு வருஷத்திலேயே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரையும், மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவரையும் 14 வருஷம் உண்மையாகவே சிறையில் கழிப்பதற்குள் விடுவிக்கக் கூடாது என்பதே அந்தப் பிரிவு. ஆக, 14 என்பது விடுதலைக்கான நாள் அல்ல, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தொடங்கக்கூடிய நாள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் காலண்டரில் நாள் எண்ணி, அந்த நாள் வந்தும் ஆள் வராமல் நொறுங்கிப்போகின்றன.

‘உண்மையாகவே’ என்ற சொல்லுக்கு அழுத்தம் அதிகம். கழிவு நாள்களை இந்த 14இல் சேர்க்க முடியாது. பரோலில் வெளியே இருந்த நாள்களையும் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் கோவா தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இந்தப் பிரிவுகள் 473 முதல் 475 வரை உள்ளன. எண்கள் மாறினாலும் 14 வருஷ விதி அப்படியே இருக்கிறது.

இரண்டு கதவுகள்

விடுவிக்கும் அதிகாரம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, நடைமுறைச் சட்டம் மாநில அரசுக்குத் தரும் அதிகாரம். 14 வருஷத் தடை இதற்குத்தான். சிபிஐ போன்ற மத்திய அமைப்பு விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

இரண்டாவது, அரசமைப்புச் சட்டத்தின் 161ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரம். குடியரசுத் தலைவருக்கு 72ஆவது பிரிவு. இவற்றுக்கு 14 வருஷத் தடை கிடையாது. சாதாரணச் சட்டத்தால் அரசமைப்புச் சட்டம் தந்த அதிகாரத்தைச் சுருக்க முடியாது. ஆனால் ஆளுநர் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது, அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

ஏழு வருஷத்திலும் பத்து வருஷத்திலும் ஆயுள் கைதிகள் தமிழ்நாட்டில் எப்படி விடுதலையானார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டாவது கதவில் இருக்கிறது.

கோப்பு நகரும் விதம்

முதல் கதவு வழியே போகும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

1. சிறைக் கண்காணிப்பாளர் அறிக்கை: எத்தனை வருஷம் முடிந்தது, சிறையில் ஏதாவது தண்டனை வாங்கினாரா, என்ன வேலை செய்தார், என்ன படித்தார், விடுப்பில் போய் ஒழுங்காகத் திரும்பினாரா.

2. நன்னடத்தை அலுவலர் அறிக்கை: இவர் கைதியின் ஊருக்கே போய் விசாரிப்பார். குடும்பம் ஏற்றுக்கொள்கிறதா, தங்க இடம் உண்டா, பிழைக்க வழி உண்டா என்று பார்ப்பார்.

3. காவல்துறை அறிக்கை: வெளியே வந்தால் ஊரில் பகை மூளுமா, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆபத்தா.

4. தண்டித்த நீதிமன்றத்தின் கருத்து: தீர்ப்பளித்த நீதிபதி ஓய்வு பெற்றிருந்தால், இப்போது அந்த இருக்கையில் இருப்பவர் கருத்துச் சொல்வார். வெறுமனே ‘பரிந்துரைக்கவில்லை’ என்று எழுதினால் போதாது, காரணம் வேண்டும் என்று 2022இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

5. குழு: தமிழ்நாட்டில் ஆலோசனைக் குழு, டெல்லியில் தண்டனை மறுஆய்வு வாரியம். டெல்லி வாரியத்துக்கு அமைச்சர் தலைவர். உள்துறை, சட்டத்துறைச் செயலாளர்கள், சிறைத்துறைத் தலைவர், ஒரு மாவட்ட நீதிபதி, தலைமை நன்னடத்தை அலுவலர், ஒரு மூத்த காவல் அதிகாரி ஆகியோர் உறுப்பினர்கள். இந்தப் பட்டியலில் மனநல நிபுணர் யாரும் இல்லை.

6. அரசாணை: குழு பரிந்துரை மட்டும்தான் செய்யும். முடிவு அரசுடையது.

இந்த ஆறில் மூன்றாவது அறிக்கைதான் பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரக்கூடும்’ என்று ஒரே வரி. இருபது வருஷத்துக்கு முன் நடந்த சம்பவத்தை வைத்து இன்றைய நிலவரத்தைச் சொல்லும் வரி. அந்த ஊரில் அந்தப் பகை இன்னும் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது அறிக்கையில் இருக்காது. சிறைக்குள் பட்டப்படிப்பு முடித்ததும், ஒவ்வொரு விடுப்பிலிருந்தும் நேரத்துக்குத் திரும்பி வந்ததும் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்காமல் போவது அநியாயம்.

குழு கேட்க வேண்டிய கேள்விகள்

2000ஆம் ஆண்டில் லக்ஷ்மண் நஸ்கர் என்ற மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளை வகுத்தது. குற்றம் சமூகம் முழுவதையும் பாதிக்கக்கூடியதா? அதே குற்றம் மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா? இவர் குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா? இன்னும் உள்ளே வைத்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா? குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன?

இவற்றில் முதல் கேள்வி மட்டும்தான் கடந்த காலத்தைப் பற்றியது. மற்றவை எல்லாம் இன்றைய மனிதனைப் பற்றியவை. குற்றம் எவ்வளவு கொடியது என்று ஏற்கெனவே எடைபோட்டு நீதிமன்றம் தண்டனை கொடுத்துவிட்டது. மறுஆய்வுக் குழு அதே எடையை மறுபடி போட்டுவிட்டு, குற்றம் கொடியது, எனவே மறுப்பு என்று எழுதினால் அது தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் ஜோசப் என்ற கேரளக் கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. இருபத்தாறு வருஷம் உள்ளே இருந்தவர் அவர். குற்றத்தின் வகையை மட்டும் காரணமாக வைத்து ஒரு கைதியை என்றென்றைக்கும் ஒதுக்கி வைப்பது, சீர்திருத்தம் என்ற நோக்கத்தையே அடித்துவிடும் என்றது நீதிமன்றம்.

ஒருவர் மாறியிருக்கிறாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இது கஷ்டமான கேள்விதான். ஆனால் கேட்கவே முடியாத கேள்வி அல்ல. டெல்லியில் 1996இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவியைக் கொன்ற வழக்கின் குற்றவாளிக்கு வாரியம் திரும்பத் திரும்ப விடுதலை மறுத்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மறுப்பை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்க அனுப்பியது. சீர்திருந்தினாரா என்பதை மதிப்பிட முறையான உளவியல் ஆய்வு வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

சறுக்கிய இடங்கள்

இதுவரை சொன்னது காகிதத்தில் உள்ள ஏற்பாடு. நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்பதற்கு நான்கு நிகழ்வுகள்.

பில்கிஸ் பானு வழக்கு முதலாவது. 2002 குஜராத் கலவரத்தில் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்து, குடும்பத்தினரைக் கொன்ற 11 பேர் 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவிக்கப்பட்டார்கள். கோத்ரா சிறையின் ஆலோசனைக் குழு அதற்குப் பரிந்துரைத்திருந்தது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். தண்டித்த மும்பை சிறப்பு நீதிமன்றத்தின் நீதிபதியும் சிபிஐயும் எதிர்த்தும் விடுதலை நடந்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, இரண்டு வாரத்தில் சரணடையச் சொன்னது. முக்கியக் காரணம் எளிமையானது: விசாரணை மகாராஷ்டிரத்தில் நடந்து தண்டனையும் அங்கேதான் விதிக்கப்பட்டது. எனவே முடிவெடுக்கும் அதிகாரம் மகாராஷ்டிர அரசுக்குத்தான், குஜராத்துக்கு இல்லவே இல்லை. இந்த அடிப்படைக் கேள்வியைக்கூடக் கேட்காமல் ஒரு கோப்பு எல்லா மேசைகளையும் தாண்டிப் போயிருக்கிறது. அதைத் தடுக்க, பாதிக்கப்பட்ட பெண்ணே மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இரண்டாவது பீகார். 1994இல் கோபால்கஞ்ச் மாவட்ட ஆட்சியர் ஜி. கிருஷ்ணய்யா ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் முன்னாள் எம்.பி. ஆனந்த் மோகன். பணியில் இருக்கும் அரசு ஊழியரைக் கொன்றவர்களுக்கு எளிதில் முன்விடுதலை கிடைக்காதபடி பீகார் சிறை விதியில் ஒரு வரி இருந்தது. 2023 ஏப்ரலில் அந்த வரி நீக்கப்பட்டது. அதே மாதம் அவர் வெளியே வந்தார். இங்கே தனிமனிதனுக்குள் நடந்த மாற்றத்தைவிட விதியில் நடந்த மாற்றமே பேசியது.

மூன்றாவது நம் ஊர் வழக்கம். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் ஒரே வீச்சில் விடுவிக்கப்பட்டார்கள். 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு, பிப்ரவரி 25ஆம் தேதிக்குள் பத்து வருஷம் முடித்தவர்கள் பரிசீலிக்கப்பட்டார்கள். 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளை முன்னிட்டு 700 பேர் என அறிவிப்பு வந்தது. இதனால் வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், வேறு எந்தக் கதவும் திறக்காதவர்கள். அவர்கள் வந்தது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முறை சரியில்லை. குறித்த தேதியில் ஒன்பது வருஷம் பதினோரு மாதம் முடித்தவர் அடுத்த தலைவரின் விழா வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவருக்கும் பத்து வருஷம் ஒரு நாள் முடித்தவருக்கும் நடத்தையில் என்ன வித்தியாசம்? ஒரு முதலமைச்சர் தன் பிறந்தநாளுக்கோ தனக்கு மகன் பிறந்ததற்கோ சிறையைத் திறந்துவிட்டால் அது அரசமைப்புச் சட்டத்துக்கே இழுக்கு என்று மாரு ராம் தீர்ப்பு 1980லேயே கடிந்து எழுதியிருக்கிறது. விழா நாயகர் மறைந்த தலைவர் என்பதால் அந்தக் கண்டிப்பின் உள்ளுறை மாறிவிடாது.

நான்காவது, தாமதம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. 2014 பிப்ரவரியில் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2018 செப்டம்பர் 9 அன்று அவரையும் மற்ற ஆறு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் கோப்பை வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், முழுமையான நீதி வழங்க அரசமைப்புச் சட்டம் தனக்குத் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவரை நேரடியாக விடுவித்தது. அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. மற்ற ஆறு பேரும் அதே ஆண்டு நவம்பரில் வெளியே வந்தார்கள். அந்த விடுதலையை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் இருக்கலாம். ஆனால் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லாமல் ஒரு மனிதனை வருஷக்கணக்கில் காக்க வைப்பதற்கு எந்தப் பக்கத்திலிருந்தும் நியாயம் சொல்ல முடியாது.

தனி வாரியம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இங்கிலாந்து-வேல்ஸ் பரோல் வாரியம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. முதலில் அதுவும் உள்துறை அமைச்சருக்கு ஆலோசனை மட்டும்தான் சொன்னது. படிப்படியாக நீதிமன்றம் போன்ற அமைப்பாக வளர்ந்தது. ஒருவர் முதல் மூவர் வரை கொண்ட குழு கோப்பைப் படிக்கும். அப்புறம், தேவைப்பட்டால் கைதியை நேரில் விசாரிக்கும். உளவியலாளரையும் கண்காணிப்பு அதிகாரியையும் கேட்கும். பாதிக்கப்பட்டவர் தன் வேதனையை எழுதியோ நேரிலோ சொல்லலாம். கேள்வி ஒன்றே ஒன்று: பொதுமக்களின் பாதுகாப்புக்காக இவரை இன்னும் அடைத்து வைக்க வேண்டுமா? எவ்வளவு தண்டனை போதும் என்பது அந்தக் குழுவின் கவலை இல்லை.

அங்கேயும் சறுக்கல் உண்டு. ஜான் வோர்பாய்ஸ் என்ற டாக்சி ஓட்டுநர் பெண் பயணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தாக்கியதற்காக 2009இல் தண்டிக்கப்பட்டார். 2018 ஜனவரியில் அவரை விடுவிக்க வாரியம் முடிவு செய்தது தெரிய வந்ததும் நாடே கொந்தளித்தது. ஏன் விடுகிறார்கள் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. காரணத்தை வெளியிடவே கூடாது என்று வாரியத்தின் விதி தடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குப் போட்டார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் முடிவையும் ரத்து செய்தது, ரகசிய விதியையும் செல்லாததாக்கியது. வாரியத் தலைவர் பதவி விலகினார். இன்று அங்கே முடிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம். முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் வழி 2019இல் வந்தது. சில விசாரணைகள் பொதுவெளியிலும் நடக்கின்றன.

பெயர்ப்பலகை மாறினால் போதாது என்பது இதில் தெரிகிறது. கைதிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் காரணம் எழுத்தில் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம்.

2025 உத்தரவு என்ன மாற்றியது?

அந்தத் திசையில் நம் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 18 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. செய்திகளில் பெரிதாக வராத அதன் முக்கிய அம்சங்கள்:

1. மாநிலத்தில் முன்விடுதலைக் கொள்கை இருந்தால், தகுதி வந்த ஒவ்வொரு கைதியையும் அரசே பரிசீலிக்க வேண்டும். கைதியோ குடும்பமோ மனுப் போட்டால்தான் என்று காத்திருக்கக் கூடாது.

2. கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்துக்குள் உருவாக்க வேண்டும்.

3. விடுதலைக்கு நிபந்தனை போடலாம். ஆனால் அது நியாயமானதாகவும் தெளிவானதாகவும் இருக்க வேண்டும். கைதியால் நிறைவேற்றவே முடியாததாக இருக்கக் கூடாது.

4. ஒருமுறை தந்த விடுதலையை, அவர் தரப்பைக் கேட்காமல் திரும்பப் பெறக் கூடாது.

5. விடுவித்தாலும் மறுத்தாலும் உத்தரவில் காரணம் எழுத வேண்டும். அதைச் சிறை அலுவலகம் மூலம் கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நகல் போக வேண்டும். மறுப்பை எதிர்த்து வழக்குப் போடும் உரிமை உண்டு என்பதையும் கைதியிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது அம்சம்தான் நடைமுறையில் அதிகம் உதவக்கூடியது. சிறையில் இருப்பவரின் மனைவியோ மகனோ, ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற வாய்மொழித் தகவலோடு வீடு திரும்பவேண்டிய அவசியம் இனி இல்லை. சிறை அலுவலகத்தில் உத்தரவு நகலைக் கேட்கலாம். அதில் காரணமே இல்லையென்றால், அல்லது காவல்துறையின் ஒற்றை வரி மட்டும் இருந்தால், அதுவே உயர் நீதிமன்றத்தில் மனுப் போடப் போதுமான அடிப்படை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.